சோளத்தண்டுப் படலமும் தபால்காரர் காலும்

பல்கலைக்கழகத்தில் அவளுக்கு மூணுசாவி என்று பெயர். வருகைப் பதிவேட்டில் வேறு பெயர் இருந்தது என்றாலும், அதைச் சொல்லி விசாரித்தால் வாசல் காவலாளிக்கே ஆள் தெரியாது. பயிர்த்துறையின் ஆய்வுக்கூடத்துக்கு ஒரு சாவி, பொருள்களின் தன்மையை ஆராயும் மெட்டீரியல் துறையின் உலர்த்தும் அறைக்கு ஒரு சாவி, மருத்துவக் கல்லூரியின் எலி அறைக்கு ஒரு சாவி. பேராசிரியர்களிடம்கூட ஆளுக்கு ஒரு சாவிதான் இருந்தது. இந்தப் பெருமை அவளுக்கு உள்ளூர உண்டு. நடக்கும்போது வேண்டுமென்றே சாவிகள் குலுங்க நடப்பாள்.

பெரிய படிப்பெல்லாம் கிடையாது. ஆய்வக உதவியாளர் படிப்பு இரண்டு வருஷம் படித்துவிட்டு இருபத்தேழு வயதில் உள்ளே நுழைந்தவளுக்கு இப்போது நாற்பத்தொன்பது. கழுவுவது, நிறுப்பது, கலக்குவது, காய வைப்பது, எலிக்குத் தண்ணீர் வைப்பது, எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதி வைப்பது. அவ்வளவுதான் வேலை. ஆனால் அவ்வளவும் இல்லாவிட்டால் ஆராய்ச்சி என்று ஒன்று கிடையாது. பேராசிரியர்கள் யோசிப்பார்கள், மாணவர்கள் கட்டுரை எழுதுவார்கள், கடைசி வரியில் ‘உதவிய அனைவருக்கும் நன்றி’ என்று இருக்கும். அந்த அனைவரும் இவள் ஒருத்திதான்.

சோளத்தண்டு ஆராய்ச்சியை நடத்தியவர்கள் மூன்று பேர். பயிர்ப் பேராசிரியர் ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்த மனிதர். மண்ணைத் தவிர வேறு எதையும் நம்பாதவர். மெட்டீரியல் மேடம் எண்ணாகச் சொன்னால் மட்டும் காது கொடுப்பார். மூன்றாமவர் மருத்துவக் கல்லூரி அறுவை சிகிச்சை நிபுணர். ஆறாத கால் புண்களையே அவர் பார்த்துவந்ததால், வளாகம் முழுவதும் அவரைக் கால் டாக்டர் என்றே சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். மூவரும் வருஷத்துக்கு மூன்று முறை ஒரே மேசையைச் சுற்றி உட்காருவார்கள். உட்கார்ந்த பத்தாவது நிமிஷம் ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியாமல் போகும். அப்போது மூலையில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கும் மூணுசாவி வாயைத் திறப்பாள்.

காய்ந்தது என்ற ஒரு சொல்லை வைத்தே ஒருமுறை ஒரு மணி நேரம் மல்லுக்கட்டினார்கள். பயிர்ப் பேராசிரியருக்குக் காய்ந்தது என்றால் கையால் ஒடித்தால் சடக்கென்று ஒடிய வேண்டும். மேடத்துக்கு, அடுத்தடுத்து இரண்டு தடவை நிறுத்தாலும் எடை மாறக்கூடாது. கால் டாக்டருக்குக் காய்ந்தது என்றால் சீழ் இல்லை என்று அர்த்தம். “மூணு பேரும் சொல்றது மூணு வேற விஷயம் சார்” என்று அவள் சொன்ன பிறகுதான் மூவரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து செய்முறையைத் தாளில் எழுதும் பொறுப்பும் அவள் தலையில் விழுந்தது.

விஷயம் இதுதான். மக்காச்சோளம் அறுத்த பிறகு தண்டு வீணாகத்தான் போகிறது; எரிப்பார்கள், அல்லது மாட்டுக்குப் போடுவார்கள். அந்தத் தண்டின் தோலை உரித்து, உள்ளே இருக்கும் நாரைச் சோடாக் காரம் போட்டு வேகவைத்து, வெளுத்து, கூழாக அடித்து, எலுமிச்சை உப்புக் கலந்து தட்டில் ஊற்றி, இளஞ்சூட்டில் இரண்டு நாள் காய வைத்தால் வெங்காயத்தோல் போல ஒரு படலம் கிடைக்கும். அதைப் புண்ணின் மேல் ஒட்டினால் புண் சீக்கிரம் ஆறுகிறது. எலிகளில் சாதாரணக் கட்டுப் போட்ட புண் ஆறப் பதிமூன்று நாள் ஆனது. சோளத்தண்டுப் படலம் போட்டது ஒன்பதே நாளில் மூடிக்கொண்டது. கண்ணாடிக் கிண்ணியில் கிருமியை வளர்த்து நடுவில் படலத்தின் ஒரு துண்டை வைத்தால், சுற்றிலும் கிருமி அண்டாமல் தெளிவாக ஒரு வளையம் விழுந்தது. மூன்று முறை செய்து பார்த்தார்கள், மூன்று முறையும் வளையம் விழுந்தது. சோளநாருக்கே இயற்கையாக ஒரு மருத்துவ குணம் இருக்கிறது என்று மூவரும் கட்டுரை எழுதினார்கள். அதற்கு நல்ல பேர். நாற்பது நோயாளிகளிடம் சோதித்துப் பார்க்க அனுமதியும் வந்தது.

மூணுசாவிக்கு இந்த ஆராய்ச்சி மற்ற ஆராய்ச்சிகளைப் போல இல்லை. அவள் கணவருக்குக் காலில் புண் இருந்தது.

அவர் தபால்காரர். இருபத்தாறு வருஷம் ஒரே பேட்டையில் படியேறி இறங்கி நடந்த கால்கள். எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த வீட்டு நாய் குலைப்பதோடு சரி என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. சர்க்கரை வந்து பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது. இடது பெருவிரலுக்கு அடியில் செருப்புக் கடித்துப் பட்டாணி அளவில் ஒரு புண் வந்தது. உணர்ச்சி மரத்துப்போன கால் என்பதால் வலி தெரியவில்லை. சாக்ஸில் கறை பார்த்து மூணுசாவிதான் முதலில் கண்டுபிடித்தாள். அதற்குள் பெருவிரலும் பக்கத்து விரலும் நிறம் மாற ஆரம்பித்திருந்தன.

கால் டாக்டர் பார்த்தார். நல்ல மனிதர், மறைத்துப் பேசத் தெரியாதவர்.

“ரெண்டு விரலை இப்பவே எடுத்துட்டா மீதிக் கால் பத்திரமா இருக்கும். எலும்புக்குள்ள இன்னும் இறங்கலை. இன்னொண்ணு, ஆறு வாரத்துல நம்ம ஆய்வு ஆரம்பிக்குது. இவர் கால் அந்த விதிகளுக்குப் பொருந்துது. ஆனா நான் நடத்துற ஆய்வுக்கு நானே இவரைக் காத்திருங்கன்னு சொல்லக் கூடாது. என்னைக் கேட்டா எடுத்துடுங்கன்னுதான் சொல்வேன். நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்க.”

வெளியே வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தபால்காரர் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ரெண்டு விரல் இல்லாம நடக்க முடியுமா?”

“முடியும்கிறாங்க. கொஞ்சம் சாய்ஞ்சு நடக்கணுமாம்.”

“சாய்ஞ்சு நடக்கற தபால்காரனை எந்த நாயும் மதிக்காது.” அவரே சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. “அந்தச் சோளத்தோலைச் செய்யறதே நீதானே. டாக்டர் சொல்றதை விடு. நீ சொல்லு. காத்திருக்கலாமா?”

எத்தனையோ எலியின் முதுகில் அந்தப் படலத்தை ஒட்டியவள் அவள். ஒன்பதாம் நாள் தோல் மூடியிருந்ததைத் தொட்டுப் பார்த்த விரல்கள் அவளுடையவை. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு ஏன் அலைய வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது.

“காத்திருக்கலாங்க. ஆறு வாரந்தானே. எலிக்குச் செஞ்ச இதே கையாலதான் உங்களுக்கும் வரும்.”

“பொறுத்தார் பூமி ஆள்வார்” என்றார் தபால்காரர். “எனக்குப் பூமியெல்லாம் வேண்டாம், ரெண்டு விரல் போதும்.” நோயாளிகள் பட்டியலில் முதல் ஆளாக அவர் பெயர் ஏறியது.

எலிக்குப் போடுவது வேறு, மனிதனுக்குப் போடுவது வேறு. எல்லாம் சுத்தமாக இருக்க வேண்டும் என்று உலர்த்தும் அறையைப் புதுப்பித்தார்கள். கண்ணாடிக் கதவு, வடிகட்டிய காற்று, வழவழவென்ற தரை. பழைய சாமான்களில் எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்று பட்டியல் போடும் வேலை மூணுசாவிக்கு வந்தது. பயிர்த்துறை விதை காயப்போட எப்போதோ வாங்கிய பன்னிரண்டு தகரத் தட்டுகள் இருந்தன. துத்தநாகம் பூசிய தகரம், ஓரமெல்லாம் மங்கி, அங்கங்கே பூச்சு உரிந்து கிடந்தது. இதிலா நோயாளிக்கான மருந்தைக் காய வைப்பது? அவளுக்கே அருவருப்பாக இருந்தது. ‘தகரத் தட்டு பன்னிரண்டு, கழிக்கவும்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பழைய இரும்பு எடுப்பவர் வந்து வண்டியில் போட்டுக்கொண்டு போனார். பளபளவென்று பன்னிரண்டு எவர்சில்வர் தட்டுகள் வந்தன.

முதல் தொகுப்புப் படலம் பார்க்க அழகாக இருந்தது. கண்ணாடிக் கிண்ணியில் வைத்தார்கள். மறுநாள் பார்த்தால் வளையம் இல்லை. கிருமி துண்டின் மேலேயே ஏறி வளர்ந்திருந்தது.

கை தவறி ஏதோ நடந்திருக்கும் என்று இரண்டாம் தொகுப்பு செய்தாள். வளையம் இல்லை. மூன்றாவதிலும் இல்லை.

அதற்குப் பிறகு மூன்று துறையும் மூன்று திசையில் விரலை நீட்டின. இந்த வருஷம் மழை அதிகம், தண்டில் சத்து இறங்கவில்லை என்றார் பயிர்ப் பேராசிரியர். அடுப்பின் சூடு ஒன்றரை டிகிரி தள்ளி நிற்கிறது என்றார் மேடம். கிருமி வளர்க்கும் கூடத்துப் பெண் புதிது என்றார் கால் டாக்டர். எல்லாவற்றையும் சரி பார்த்தார்கள். போன வருஷத் தண்டு மூட்டையிலிருந்து எடுத்து வந்து செய்தாள். அடுப்பைச் சீர்செய்து செய்தாள். கிருமிச் சோதனைக்குப் படலத்தை வேறு கூடத்துக்கு அனுப்பிப் பார்த்தாள். ஒன்றுக்கும் வளையம் விழவில்லை. செய்முறைத் தாளை மூவரும் வரி வரியாகப் படித்தார்கள். ‘தட்டில் ஊற்றி உலர்த்தவும்’ என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. என்ன தட்டு என்று யாரும் கேட்கவில்லை. பயிர்க்காரருக்குத் தட்டு என்பது விதை காயும் சாமான், மேடத்துக்கு அது அடுப்புக்குள் போகிற சாமான், டாக்டர் அதைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. எழுதியவளுக்கும் தட்டு தட்டுதான்.

ஆறு வாரம் முடிந்து ஏழாவது வாரம் போய்க்கொண்டிருந்தது. வீட்டில் முக்காலியின் மேல் காலை நீட்டிக்கொண்டு தபால்காரர் தினமும் ஒரே கேள்வியைக் கேட்டார்.

“சோளத்தோல் காய்ஞ்சுதா?”

“காயுது.”

“எள்ளுதான் எண்ணெய்க்குக் காயுது, எலிப்புழுக்கை எதுக்குக் காயுதுன்னு சொல்வாங்க. நான் எதுல சேர்த்தின்னு தெரியலை” என்பார். அவர் சிரிக்க, அவளும் சிரித்துவைப்பாள். பட்டாணி அளவில் இருந்த புண் இப்போது நெல்லிக்காய் அளவுக்கு வந்திருந்தது. கட்டு மாற்றும்போது அவள் அவர் முகத்தைப் பார்க்கமாட்டாள். பயமாக இருந்தது.

தட்டு கழுவும்போதுதான் அவளுக்குப் பொறி தட்டியது. ஒரு வியாழக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. எவர்சில்வர் தட்டைத் தண்ணீரில் காட்டியதும் சுத்தமாகிவிட்டது. பழைய தகரத் தட்டாக இருந்தால் படலத்தை உரித்த பிறகு வெள்ளையாகப் பூத்துப் படிந்திருக்கும். தேய்த்துத் தேய்த்துத் தோள்பட்டை வலிக்கும். அந்த வெள்ளை எங்கிருந்து வந்தது? எலுமிச்சை உப்பு புளிப்பு. புளிப்பு பட்டால் தகரத்தின் பூச்சு கரையும் என்று சமையல்கட்டில் நிற்கிற யாருக்கும் தெரியும். இருபத்திரண்டு வருஷம் ஆய்வுக்கூடத்தில் நின்றவளுக்குத் தெரியாமல் போயிற்றே. தண்ணீர்க் குழாயை மூடாமலே நின்றாள்.

கையைத் துடைத்துக்கொண்டு மேடத்திடம் ஓடினாள்.

“மேடம், பழைய தட்டுல இருந்து ஏதாவது படலத்துக்குள்ள இறங்கியிருக்குமா?”

மேடம் பேனாவைக் கீழே வைத்தார். பழைய கட்டுரைக்காக மைக்ராஸ்கோப்பில் எடுத்த அளவுத் தாள்களைத் தேடி எடுத்தார். எந்தத் தனிமம் எவ்வளவு இருக்கிறது என்று கோடு கோடாகக் காட்டும் தாள் அது. துத்தநாகம் இருக்க வேண்டிய இடத்தில் சின்னதாக ஒரு கோடு எழும்பியிருந்தது.

“இதை நான் அப்பவே பார்த்தேன்” என்றார் மேடம் மெதுவாக. “மாதிரியை வெக்கிற குமிழ் பித்தளை. பித்தளையில துத்தநாகம் இருக்கும். அதுல இருந்து வருதுன்னு அந்தக் கோட்டைக் கணக்குல இருந்து அடிச்சுட்டேன்.”

உறுதியாகச் சொல்ல வேண்டுமென்றால் பழைய படலத்தையே அமிலத்தில் கரைத்துப் பார்க்க வேண்டும். சாட்சிக்காக எடுத்து வைத்த பழைய படலம் மொத்தம் மூன்றுதான் மிஞ்சியிருந்தது. ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். அலமாரியிலிருந்து உறையை எடுத்த மூணுசாவி உடனே மேடத்திடம் கொண்டு போகவில்லை. கதவைச் சாத்திவிட்டுப் பத்து நிமிஷம் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூன்று படலம் என்றால் மூன்று கட்டு. மூன்று கட்டில் அந்தக் கால் கொஞ்சமாவது தேறாதா? யாருக்குத் தெரியப் போகிறது? எலி கடித்துவிட்டது என்று சொன்னால்கூட நம்புவார்கள். ஆனால் மூன்று கட்டோடு முடிந்து போகிற மருந்தை வைத்து என்ன செய்வது? காரணம் தெரிந்தால் நூறு படலம் செய்யலாமே என்று மனம் கணக்குப் போட்டது. உறையோடு கொண்டு போய்க் கொடுத்தாள்.

திங்கட்கிழமை முடிவு வந்தது. துத்தநாகம்தான். கொஞ்சநஞ்சமில்லை, நிறைய. கிருமியைத் தடுத்தது சோளநார் இல்லை, விதைத் தட்டின் பூச்சு. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை.

“அப்போ துத்தநாகத்தைக் கலந்தே செஞ்சுடலாமே, மேடம்?” என்று அவள் கேட்டாள். அவ்வளவு எளிதாக இருந்தது அவளுக்கு.

“பாக்கலாம். பயிர்ப் பேராசிரியர் மாநாட்டுக்குப் போயிருக்கார். அவர் வந்ததும் மூணு பேரும் உட்கார்ந்து பேசணும். அதுவரைக்கும் இது வெளிய போகக் கூடாது. டாக்டருக்கும் நானே சொல்லிக்கறேன். உங்க வீட்டுலயும் வேண்டாம்.”

பேராசிரியர் திரும்பி வரப் பதினோரு நாள் இருந்தது.

அந்தப் பதினோரு நாளைப் பற்றி அவளுக்காகப் பரிந்து பேச யாராலும் முடியாது, அவளாலேயே முடியவில்லை. மேடம் சொன்னது ஒரு சாக்கு. வீட்டில் சொன்னால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். ‘அப்போ விரலை எடுத்துடலாம்’ என்பார் அவர். காத்திருக்கச் சொன்ன வாய் அவளுடையது. அது பொய்த்துப் போனது என்று ஆகிவிடும். அதோடு மேடம் சொன்ன ‘பாக்கலாம்’ இருந்தது. முங்கப் போகிறவள் துரும்பைப் பிடித்தது போல அவள் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டாள்.

“சோளத்தோல் என்னாச்சு?”

“வருதுங்க. ஒரு சின்ன மாத்தம் பண்றாங்க. அடுத்த வாரம்.”

“அடுத்த வாரம்னா சரி” என்றார் தபால்காரர். அஞ்சல் அலுவலகத்திலிருந்து பார்க்க வந்தவர்களிடம் தன் மனைவி செய்கிற மருந்தைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். எட்டாம் நாள் காய்ச்சல் வந்தது. மாத்திரை கொடுத்தாள். பத்தாம் நாள் காலையில் கணுக்காலுக்கு மேலே சிவப்பாக ஒரு கோடு ஏறியிருந்தது. அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, மறுநாள் கூட்டத்துக்குப் போனாள்.

மேடம் விஷயத்தைச் சொல்லி முடித்தார். கால் டாக்டர்தான் முதலில் பேசினார்.

“துத்தநாகம் கலந்த கட்டு பழைய விஷயம். கடையில கிடைக்குது. இந்த மாதிரிக் கால்ல நான் போட்டுப் பார்த்திருக்கேன். ஒண்ணும் நடக்காது. எலி இளசு, ரத்த ஓட்டம் நல்லா இருக்கும், அதோட புண்ணு தானாவே ஆறும். நாம நாலு நாள் முந்த வெச்சோம், அவ்வளவுதான்.”

“கட்டுரையை?” என்றார் மேடம்.

“திரும்ப வாங்கிக்கணும். அனுமதியும் அதோட போச்சு.”

பயிர்ப் பேராசிரியர் ஏதாவது சொல்ல வேண்டுமே என்பதற்காக, துத்தநாகம் பயிருக்கு நல்லதுதான் என்றார். யாரும் சிரிக்கவில்லை. மூலையில் உட்கார்ந்திருந்த மூணுசாவியிடம் இந்த முறை யாரும் எதையும் விளக்கச் சொல்லிக் கேட்கவில்லை, எல்லோருக்கும் எல்லாம் புரிந்திருந்தது. கால் டாக்டரின் கைபேசி அடித்தது. கேட்டுவிட்டு அவர் அவளைத்தான் பார்த்தார்.

“எலும்புக்குள்ள இறங்கி மேல ஏறிடுச்சு. முழங்காலுக்குக் கீழ எடுக்கணும். இன்னைக்கே.”

அன்றைக்கே எடுத்தார்கள்.

மூன்று வாரம் கழித்தும் தபால்காரர் வார்டில்தான் இருந்தார். எட்டுக் கட்டில் போட்ட நீள அறை, ஜன்னல் பக்கம் மூன்றாவது கட்டில். அவரிடம் அவள் இன்னும் எதையும் சொல்லவில்லை. நானே சொல்லிக்கொள்கிறேன் என்று கால் டாக்டரிடமும் கேட்டுக்கொண்டிருந்தாள். உடம்பு தேறட்டும் என்று சொல்லிக்கொண்டாள். தினமும் அதையே சொல்லிக்கொண்டாள். ஆள் பாதியாகிவிட்டார், பேச்சு மட்டும் குறையவில்லை. படுத்தே கிடந்ததில் வலது குதிகாலில் ஒரு புண் வந்திருந்தது. அதைப் பற்றி அவர் கவலைப்படவே இல்லை.

பக்கத்துக் கட்டிலுக்குப் புதிதாக ஒருவர் வந்திருந்தார். ரொட்டிக் கடை வைத்திருப்பவர். கைகளில் அடுப்புச் சூட்டின் தழும்புகள். அவருக்கும் சர்க்கரை, அவருக்கும் கால். ஒரே ஒரு சுண்டுவிரல் கறுத்திருந்தது. நாளைக் காலை எடுப்பதாகச் சொல்லி ஒப்புதல் படிவத்தைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். அவர் மனைவி கட்டில் ஓரத்தில் அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாலை பார்வை நேரத்துக்கு வெந்நீர்ப் பாட்டிலோடு மூணுசாவி உள்ளே வந்தபோது தபால்காரர் அவர்களோடு பேசிக்கொண்டிருந்தார்.

“அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட்டுடாதீங்க. நான் சொல்றதைக் கேளுங்க. புது மருந்து வருது. சோளத்தண்டுல செய்யறது. என் வீட்டுக்காரிதான் செய்யறா, தோ வர்றா பாருங்க. எனக்குக் கொஞ்சம் லேட்டாயிடுச்சு, என் நேரம். ஆனா இந்தக் காலுக்கு அதைத்தான் போடப் போறேன். வார்டு டாக்டர் வந்து குதிகாலைக் கிளறிச் சுத்தம் பண்ணணும்னு நிக்கறார், நான் ஒத்துக்கலை. நீங்களும் ஒரு மாசம் பொறுங்க. விரல் மிச்சமாகும்.”

ரொட்டிக்காரர் முகத்தில் வெளிச்சம் வந்திருந்தது. “நிஜமாவாங்க? ஒரு மாசம்னா பொறுத்துக்கலாம்.”

“அவளையே கேளுங்க” என்றார் தபால்காரர். அவர் குரலில் அவ்வளவு பெருமை. கட்டிலில் சற்று நிமிர்ந்து உட்காரக்கூட முயன்றார். “சொல்லும்மா.”

மூணுசாவி பாட்டிலை மேசையில் வைத்தாள். ரொட்டிக்காரரின் மனைவி படிவத்தை மடிக்க ஆரம்பித்திருந்தாள். மூணுசாவிக்கு ஓடிப்போய்விடலாம் போலிருந்தது.

“மடிக்காதீங்க” என்றாள். “கையெழுத்துப் போட்டுடுங்க. நாளைக்கே எடுத்துடச் சொல்லுங்க. அந்த மருந்து வராது.”

“என்னம்மா சொல்றே?” என்றார் தபால்காரர்.

“வராதுங்க. அதுல ஒண்ணும் இல்லை. தட்டுல இருந்து கரைஞ்சு வந்த துத்தநாகம் அது. எலிக்கு ஆறினது, மனுஷங்களுக்கு ஆறாது. எல்லாத்தையும் நிறுத்திட்டாங்க. உங்க குதிகாலையும் டாக்டர் சொல்ற மாதிரி சுத்தம் பண்ண விடுங்க.”

ரொட்டிக்காரர் தன் மனைவியைப் பார்த்தார். அவள் படிவத்தைப் பிரித்து, மடியில் வைத்து நீவி, பேனா இருக்கிறதா என்று எதிர்க்கட்டில்காரரைக் கேட்டாள்.

தபால்காரர் போர்வையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் கால் இருந்த இடத்தில் அது தட்டையாகப் படுத்துக் கிடந்தது.

“இது உனக்கு எப்பத் தெரியும்?”

பொய் சொல்ல அவளுக்கு அவகாசம் இருந்தது. நேற்றுத்தான் தெரியும் என்றால் நம்பிவிடுவார், அவள் சொன்ன எதை அவர் நம்பவில்லை?

“எடுக்கறதுக்குப் பதினோரு நாள் முன்னாடி” என்றாள்.

அவர் உதடு அசைந்தது. எந்தக் கிழமை என்று எண்ணிப் பார்க்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. காய்ச்சல் வருவதற்கு முன்னால், சிவப்புக் கோடு ஏறுவதற்கு முன்னால், இரண்டு விரலோடு போயிருக்கக் கூடிய ஒரு திங்கட்கிழமை வரைக்கும் அவர் எண்ணினார்.

“அப்போ ரெண்டு விரலோட போயிருக்கும்” என்றார்.

“ஆமாங்க.”

பார்வை நேரம் முடிந்ததென்று நர்ஸ் மணியடித்தபோது, பாட்டிலை எடுத்துக்கொண்டு போ, வெந்நீர் இங்கேயே கிடைக்கிறது என்றார் தபால்காரர். மறுநாள் அவள் வந்தபோது ரொட்டிக்காரரின் சுண்டுவிரலை எடுத்து முடித்து, கட்டுப் போட்டுத் தூங்கவைத்திருந்தார்கள். தபால்காரரின் குதிகாலையும் காலையிலேயே சுத்தம் செய்திருந்தார்கள்; ஒப்புதல் படிவத்தில் உறவினர் கையெழுத்து என்ற இடத்தைக் காலியாக விடச் சொல்லி அவர் ஒருவரே கையெழுத்துப் போட்டிருந்தார்.